நீலகிரியில் உருப்படியாக ஏதாவது நடக்கிறதா?

19 மே 2024. கேள்வி, திருப்பூரிலிருந்து ஒருவர்

போன வாரம் குடும்பத்தோடு ஊட்டி வந்தோம். பர்லியாறு தாண்டியதும் நின்ற வண்டி, குன்னூர் போய்ச் சேர மூன்று மணி நேரம். இ-பாஸ் எடுத்துத்தான் வந்தோம், அப்படியும் இந்தக் கதி. வழியெல்லாம் கட்டடம், பள்ளத்தில் குப்பை. பையன் "இதுதான் மலையாப்பா?" என்று கேட்டான். இந்த மலை இனித் தேறுமா? யாராவது நிஜமாகவே ஏதாவது செய்கிறார்களா, இல்லை "இயற்கையைக் காப்போம்" பலகையோடு சரியா? அங்கேயே குடியிருப்பவர்கள் சொல்லுங்கள்.

20 மே 2024, காலை

தம்பி, நான் கோத்தகிரிப் பக்கம். ஒரு வளைவில் பெட்டிக்கடை, அதற்குப் பின்னால் 90 சென்ட் தேயிலை. நடக்கிறதா என்றால் நடக்கிறது. இப்போதைக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன்: பாட்டில்.

2022 மே மாதம் டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்க ஆரம்பித்தார்கள். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் கையில் வரும். காட்டுக்குள் வீசும் பாட்டில் உடைந்து யானைக் காலில் ஏறுகிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் பிடித்த பிடியில் வந்த ஏற்பாடு இது. தமிழ்நாட்டிலேயே முதலில் நம் மாவட்டத்தில்தான்.

நான் குடிப்பதில்லை. ஆனால் என் கடை இருப்பது குடிப்பவர்கள் வண்டியை ஓரங்கட்டும் வளைவு. முன்பெல்லாம் திங்கட்கிழமை காலை கடை திறந்ததும் முதல் வேலை, முன்னால் கிடக்கும் கண்ணாடிச் சில்லைப் பெருக்குவது. என் மனைவிக்கு ஒரு தடவை உள்ளங்காலில் நாலு தையல். இப்போது சில்லு இல்லை. ஏனென்றால் எங்கள் ஊரில் ஒரு பாட்டி இருக்கிறார், நாங்கள் வைத்த பெயர் சாக்குப் பாட்டி. விடிவதற்குள் ஒரு கோணிச்சாக்கோடு வளைவு வளைவாக இறங்கிப் பாட்டில் பொறுக்கிவிடுவார். பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும் ஸ்டிக்கர் ஒட்டிய பாட்டிலா என்று டார்ச் அடித்துப் பார்ப்பார். இல்லையென்றால் பாட்டிலையும் அதை வீசியவன் பரம்பரையையும் சேர்த்துத் திட்டிவிட்டு அங்கேயே வைத்துவிடுவார்.

இருபது வருடம் "வீசாதீர்" என்று பலகை வைத்தும் கேட்காத ஆள், பத்து ரூபாய்க்குக் கேட்டான். அவ்வளவுதான் விஷயம்.

20 மே 2024, இரவு

காலையில் பலகையைக் கொஞ்சம் அதிகமாகவே மட்டம் தட்டிவிட்டேன். 2000-ஐ ஒட்டி சுப்ரியா சாகு ஆட்சியராக இருந்தபோதுதான் பிளாஸ்டிக்கைத் தடுக்கும் வேலை இங்கே தொடங்கியது. கேரி பேக் கூடாது என்றார்கள். அப்போது எனக்கு வயது முப்பத்துச் சொச்சம், கடை புதுசு. ஒளித்து வைத்துக் கொடுத்து, பிடிபட்டு, அபராதம் கட்டினேன். "படித்தவர்களுக்கு என்ன, பருப்பைக் கையிலா வாங்கிப் போவாங்க?" என்று ஒரு மாதம் கத்தினேன்.

இரண்டு வருடத்தில் எல்லாரும் பழைய தினசரியில் பொட்டலம் மடிக்கப் பழகிவிட்டோம். மாநிலம் முழுக்கத் தடை வந்தது 2019 ஜனவரியில்தான். மேட்டுப்பாளையத்தில் கடை வைத்திருக்கும் என் மச்சான் அப்போது ஃபோனில் புலம்பினான். நான் ஏதோ பெரிய தியாகி மாதிரி அவனுக்குப் புத்தி சொன்னேன். அபராதக் கதையைச் சொல்லவில்லை.

பிளாஸ்டிக் ஒழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே எல்லாம் என் கடையிலேயே தொங்குகிறது.

21 மே 2024

சாஷேயைத் தொங்கவிட்டுக்கொண்டு ஊருக்கு உபதேசமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம்தான். சாஷே இல்லையென்றால் பக்கத்துக் கடைக்குப் போவார்கள். சாஷேக்கும் ஒரு ரூபாய் திருப்பிக் கொடுக்கும் திட்டம் வந்தால் முதல் ஆளாக நிற்பேன்.

14 ஜூன் 2024

நல்ல செய்தி. என் தேயிலைக்கு மேலே 20 சென்ட் அளவுக்குச் சீகை மரம் (வாட்டில் என்பார்களே, அந்த வெளிநாட்டு மரம், சீயக்காய் இல்லை) அடைத்து நின்றது, அப்பா வாங்கும்போதே இருந்தது. வெட்ட அனுமதி வந்துவிட்டது. மலைப்பகுதியில் சொந்தப் பட்டாவிலும் நினைத்த நேரத்தில் மரத்தைச் சாய்க்க முடியாது, 1955-லிருந்தே அதற்குச் சட்டம் உண்டு. எத்தனை நடை நடந்தேன் என்று கேட்காதீர்கள்.

வெட்டியாயிற்று. விறகு கட்டுக் கட்டாகப் போய்விட்டது. சோலை என்றால் இங்கே மலை மடிப்பில் அடர்ந்து நிற்கும் பழைய காடு. அந்தச் சோலை மர நாற்று 60 சொல்லி வைத்திருக்கிறேன்: நாவல் வகை, காட்டுப்பூவரசு, இன்னும் இரண்டு மூன்று. லாங்வுட் சோலை இங்கேதான் பக்கம், 116 ஹெக்டேர், இந்த ஜனவரியில் ராம்சர் தளம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று அறிவித்தார்கள். கீழே பல ஊர்களுக்கு அதிலிருந்துதான் தண்ணீர். என் 20 சென்டிலும் ஒரு குட்டி லாங்வுட் வரட்டுமே. அடுத்த வருடம் படம் போடுகிறேன்.

15 ஜூன் 2024

"அண்ணா, சீகையை ஒரேயடியாக வெட்டியது தப்பு" என்று கொடைக்கானல் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார். தம்பி, அது வெளிநாட்டு மரம், தண்ணீரை உறிஞ்சும் மரம், அதை வெட்டாமல் சீராட்டவா சொல்கிறீர்கள்? போங்கள்.

17 நவம்பர் 2024

ஜூன் 15-ல் "போங்கள்" என்றேனே, அதை வாபஸ் வாங்குகிறேன்.

ஐப்பசி மழைக்குப் பிறகு மேலே ஏறிப் பார்த்தேன். தரையே தெரியவில்லை, பச்சை. முதலில் புல் என்று சந்தோஷப்பட்டேன். குனிந்து பார்த்தால் எல்லாம் சீகைக் குருத்து, இறகு மாதிரி இலையோடு விரல் உயரம். கடையில் உட்காரும் கோரைப்பாயை விரித்து அந்த அளவுக்குள் மட்டும் எண்ணினேன், 140. இருபது சென்டுக்கு எத்தனை பாய் ஆகும் என்று கணக்குப் போடப் பார்த்து நிறுத்திவிட்டேன்.

நடந்தது இதுதான். சீகை விதைக்கு ஓடு கெட்டி, மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் அப்படியே கிடக்கும். மேலே மரம் நிழல் கட்டி நிற்கும்வரை தூங்கும். மரத்தை எடுத்து வெயில் பட்டால் எழுந்துவிடும், தீ வைத்தால் இன்னும் குஷி. நான் வெட்டியது ஐம்பது அறுபது மரம். எழுப்பிவிட்டது ஆயிரக்கணக்கில்.

கொடைக்கானல் தம்பியை ஃபோனில் பிடித்தேன். நன்றாகத் திட்டுவார் என்று நினைத்தேன், சிரித்தார். அவர் சொன்னதிலிருந்து கொஞ்சம்:

பழனி மலையில் 1973-லிருந்து 2014 வரையான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணோம். பெரும்பாலும் சீகை, கற்பூர மரம் (யூகலிப்டஸ்), பைன் தோட்டங்கள் அதை விழுங்கிவிட்டன. அதோடு, பழைய சீகைத் தோட்டத்துக்குள் பக்கத்தில் சோலை இருந்தால் சோலை மரங்கள் தானாகவே முளைத்து வருகின்றன. அதே சீகை நிழல்தான் அவற்றுக்குத் தாதி. அந்த இடத்தில் மேலே நிற்பதை மொட்டையாக வெட்டினால் அடியில் வளரும் சோலைக் கன்றும் போகும், சீகை விதையும் முளைக்கும். புல்வெளிக்குள் புதிதாகக் காலெடுத்து வைக்கும் சீகையைத்தான் முதலில் பிடுங்க வேண்டுமாம், அது சின்னதாக இருக்கும்போதே.

அதாவது நான் எதை விட்டு வைக்க வேண்டுமோ அதை வெட்டினேன்.

அவர் வட்டக்கானல் பக்கம். அங்கே ராபர்ட் ஸ்டீவர்ட், தான்யா பால்கர் என்ற தம்பதி பல வருடம் சோலை நாற்றங்கால் வைத்திருந்தார்கள், கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் பால பாடம்.

17 நவம்பர் 2024, பின்னிரவு

தூக்கம் வரவில்லை. வெளிநாட்டு மரம் என்று வசைபாடினேனே, என் கடையில் அதிகம் விற்கும் சரக்கு எது தெரியுமா? நீலகிரித் தைலம். அது ஆஸ்திரேலியாக் கற்பூர மரத்தின் இலையில் வடிப்பது. வெள்ளைக்காரன் 1840-களில் கொண்டுவந்து நட்ட மரத்துக்கு நம் மலையின் பெயர். சுற்றுலா வருபவர்கள் மோந்து பார்த்து "ஆஹா, இதுதான் ஊட்டி வாசம்" என்பார்கள். நானும் ஆமாம் என்பேன்.

12 ஜனவரி 2025

நாற்று நிலவரம். 60 வைத்தேன். டிசம்பரில் காட்டெருமை ஒன்று குடும்பத்தோடு நடுவில் படுத்து எழுந்து போனதில் 11 காலி. அதன் மேல் கோபப்பட முடியவில்லை, கன்று ஒன்று கூட வந்திருந்தது. போன வாரம் உறைபனி. ஊட்டி அளவுக்கு இங்கே கிடையாது, ஆனால் என் இடம் வெட்டவெளி, குளிர் நேரே இறங்கும். காலையில் உப்பைத் தூவியது போல இருந்தது. வெயில் ஏறியதும் காட்டுப்பூவரசு தவிர மற்ற கன்றெல்லாம் வெந்த கீரை மாதிரி தொங்கிவிட்டது. அவற்றில், கவாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சியையும் பெரணித் தழையையும் போட்டு மூடிய கன்று மட்டும் பிழைத்திருக்கிறது.

கீழ் வீட்டுப் பெரியவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இங்க எப்பப்பா மரம் இருந்துச்சு? என் சின்ன வயசுல இது மாடு மேயுற புல்மேடு."

அப்புறம்தான் உறைத்தது. சோலை ஏன் எப்போதும் மலை மடிப்புக்குள்ளேயே ஒதுங்கி நிற்கிறது, திறந்த மேடெல்லாம் ஏன் புல்லாகவே இருந்தது என்பதற்கு ஒரு முக்கியக் காரணமே இந்தப் பனிதான் என்பார்கள். சோலைக் கன்று வெட்டவெளிப் பனியைத் தாங்காது. புல் தாங்கும். இந்த மலையின் பழங்குடிகளான தோடர்கள் எருமை மேய்த்தது அந்தப் புல்லில்தான். நானோ புல் இருக்க வேண்டிய இடத்தில் மரத்தை நட்டு, அது சாகிறதே என்று அழுகிறேன்.

சீகையை வெட்டியது தப்பு என்று நவம்பரில் ஒப்புக்கொண்டேன். இப்போது அதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். புல்மேடு என்றால் வெட்டியது சரி, நட்டதுதான் தப்பு. கொடைக்கானல் தம்பி, என்ன சொல்கிறீர்கள்?

13 ஜனவரி 2025

"வெட்டினதும் சரி, மூணு நாலு வருஷம் விடாம குருத்தைப் பிடுங்குனா" என்கிறார். விடாமல் என்பதற்குக் கீழே கோடு.

3 ஏப்ரல் 2025

நேற்று மாவட்டம் முழுக்கக் கடையடைப்பு. நானும் அடைத்தேன். இந்த மாதத்திலிருந்து ஊட்டிக்குள் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டிதான் என்று நீதிமன்றம் வரம்பு கட்டியிருக்கிறது. சீசன் மூன்று மாதத்தில் சம்பாதித்து மீதி ஒன்பது மாதம் உட்கார்ந்து சாப்பிடும் கடைக்காரனுக்கு இது வயிற்றில் அடி. போராட்டத்தில் நானும் கை உயர்த்தினேன்.

ஆனால் இந்த இழையை ஆரம்பித்ததே மூன்று மணி நேரம் வண்டியில் மாட்டிய தம்பிதானே? அவர் பையன் கேட்ட கேள்வி மண்டைக்குள்ளேயே நின்றது. போன மே மாதம் ஆம்புலன்ஸ் ஒன்று என் கடை வளைவில் இருபது நிமிடம் அலறிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு வண்டி இந்த மலை தாங்கும் என்று யாராவது ஒருநாள் எண்ணித்தான் ஆக வேண்டும். எண்ணும்போது, ஆளுக்கொரு கார் இல்லாமல் வருபவனுக்குக் கீழிருந்து நல்ல பேருந்தும் விட்டால் என் டீக்கும் ஆள் வரும். பேருந்தில் வருபவன்தான் கடையில் உட்கார்ந்து டீ குடிப்பான். காரில் வருபவன் ஃபிளாஸ்க்கோடு வருகிறான், இது என் இருபத்தைந்து வருட ஆராய்ச்சி.

இரண்டு பக்கமும் பேசுகிறாயே என்பவர்களுக்கு: ஆமாம், இரண்டு பக்கத்திலும் நான்தான் இருக்கிறேன்.

22 ஜூன் 2025

இதை எழுதலாமா வேண்டாமா என்று நிறைய நாள் யோசித்தேன்.

நான் பிறந்தது இலங்கைத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் யார் யார் இந்தியாவுக்குப் போவது என்று பிரித்த கணக்கில் எங்கள் குடும்பமும் ஒரு எண். ஆறு வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறினோம். ராமேசுவரம், மண்டபம் முகாம், அங்கிருந்து பந்தலூர். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு 1968-ல் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது, அதுதான் பிற்பாடு டான்டீ கழகம் ஆனது. தேயிலை எங்கே வைத்தார்கள்? காட்டை அழித்த இடத்தில். அப்பா முதல் வருடம் செய்த வேலை இலை பறிப்பது இல்லை, மரம் வெட்டுவது. கட்டை விரல் நகம் கடைசிவரை வளைந்தே இருந்தது, ஒரு மரம் சாயும்போது நசுங்கியது.

அந்த மரம் என்ன மரம் என்று அப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். "பெரிய மரம்" என்றார். பெயர் தெரியாது. இலங்கை மஸ்கெலியாவிலிருந்து வந்தவருக்கு எப்படித் தெரியும்?

ஆக, சோலையைக் காப்போம் என்று நான் எழுதும்போதெல்லாம் என் பள்ளிக்கூடப் பீஸ் எந்த மரத்திலிருந்து வந்தது என்ற நினைப்பும் கூடவே வரும். 2022-ல் டான்டீ நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்கே திருப்பித் தருவதென்று முடிவானபோது இங்கே பலர் கைதட்டினார்கள். யானைக்கு வழி கிடைக்கும், காடு திரும்பும், சரிதான். என் சித்தி மகன் இன்னும் அந்தப் பக்கத்து லயத்தில்தான் இருக்கிறான். "காடு திரும்பட்டும் அண்ணே, நாங்க மூணாவது தடவை எங்க திரும்புறது?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. காட்டைத் திருப்பும் வேலைக்கே அந்த ஆட்களைக் கூப்பிடலாம் என்பது மட்டும் தோன்றுகிறது. செடியை அடையாளம் பார்த்து, வேரோடு, நாள் முழுக்க, சரிவில் நின்று வேலை செய்ய அவர்களைவிட்டால் யார்?

23 ஜூன் 2025

நேற்று எழுதியது கனமாகப் போய்விட்டது, மன்னிக்கவும். சம்பந்தம் இல்லாமல் ஒன்று: விடியற்காலை கரடி வந்து கடைப் பலகையைப் பிரித்துக் கடலை எண்ணெய் டின்னைத் தூக்கிவிட்டது. சர்க்கரையும் தின்றிருக்கிறது. நீலகிரித் தைலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டது. சுற்றுலாப் பயணியைவிட விவரம்.

சம்பந்தம் உண்டு என்று மனைவி சொல்கிறாள். கடைக்குப் பின்னால் எண்ணெய்ப் பொட்டலக் காகிதத்தைக் கொட்டியது நான்தான். கரடியை வரவழைத்தது அந்த வாசம். இன்றைக்கு ஒரு மூடி போட்ட டிரம் வாங்கியாகிவிட்டது.

9 ஆகஸ்ட் 2025

ஜூன் 22-க்கு ஒருவர் பதிலாகக் கூடலூர்ப் பக்கத்தை நினைவுபடுத்தினார். உண்ணிச்செடி இருக்கிறதே, காடு முழுக்கப் படர்ந்து மானுக்கும் மாட்டுக்கும் மேய இடமில்லாமல் செய்வது, அதன் தண்டை வெட்டி, வேகவைத்து, பட்டை உரித்து, வளைத்து, ஆள் உயரத்துக்கும் மேலே யானை செய்கிறார்கள். பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளிகர் கைவேலை. 2021-ல் அந்த யானைகள் லண்டன் பூங்காக்களில் போய் நின்றன, பிறகு அமெரிக்காவும் போயின. பாஸ்போர்ட் இல்லாத எனக்குப் பொறாமைதான்.

முதுமலையில் மஞ்சக்கொன்றை என்ற வெளிநாட்டுக் களை மரத்தை வெட்டிக் காகித ஆலைக்குக் கூழாக்க அனுப்புகிறார்கள். யானை பொம்மை அளவுக்குக் கண்ணுக்கு அழகில்லை, ஆனால் லாரி லாரியாகப் போகிறது. உண்ணியை யானை செய்தே தீர்த்துவிட முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு களையைப் பிடுங்கினால் கூலி வரும் என்றால் அடுத்த வருடமும் பிடுங்க ஆள் வரும். சாக்குப் பாட்டி டார்ச்சோடு இறங்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

30 நவம்பர் 2025

கேட்டவர்களுக்காக நிலவரம்.

அதே கோரைப்பாய், அதே இடம். போன வருடம் 140, இந்த வருடம் 31. நடுவில் நாலு தடவை பிடுங்கினோம். மழை பெய்த மறுநாள் பிடுங்கினால் வேரோடு வருகிறது, காய்ந்த நாளில் பிடுங்கினால் தண்டு அறுந்து மறுபடி துளிர்க்கிறது. இது எந்தப் புத்தகத்திலும் பார்க்காமல் விரல் கற்றுக்கொண்டது.

நாற்றில் உயிரோடு இருப்பது 17. எல்லாம் ஓடை ஓரத்து மடிப்பில் வைத்தவை. மேட்டில் இனி மரம் வைப்பதில்லை, புல் தானாக வருகிறது. இரண்டு மூன்று வகை வந்திருக்கிறது, பெயர் தெரியவில்லை. அப்பா மாதிரி "பெரிய புல்" என்று சொல்லிவிட்டுப் போக மனமில்லை, படம் எடுத்து வைத்திருக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருப்பூர்த் தம்பி இன்னும் இந்தப் பக்கம் வருகிறாரா தெரியாது. வந்தால் பையனையும் கூட்டி வாருங்கள், பேருந்தில்.

1 டிசம்பர் 2025

சாக்குப் பாட்டியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாட்டி கடும் கோபத்தில் இருக்கிறார். முன்பு ஒரு காலையில் சாக்கு நிறையும், இப்போது பத்துப் பன்னிரண்டு பாட்டில் தேறினால் பெரிசாம். "எல்லாப் பயலும் திருப்பிக் குடுக்க ஆரம்பிச்சுட்டானுங்க, ஒருத்தனும் வீசுறதில்ல" என்று என் கடை வாசலில் உட்கார்ந்து புலம்பினார். நான் சிரித்ததில் டீக்குக் காசு தராமல் போய்விட்டார்.

மறுநாள் அவரையே சீகை பிடுங்கக் கூப்பிட்டேன், நாள் கூலிக்கு. பழைய தோட்டக்காரி, இரண்டு கையும் கொழுந்து பறிப்பது போலப் போகிறது. நான் ஒரு பாய் முடிப்பதற்குள் மூன்று பாய் முடித்துவிட்டு, "என்னப்பா கடைக்கார, கங்காணி மாதிரி நிக்கிற?" என்றார்.

நேற்று இரவு நல்ல மழை. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மறுபடி ஏறுகிறோம். பக்கத்தில் இருப்பவர்கள் வரலாம். அட்டைப்பூச்சி இருக்கிறது, உப்பும் முழுக்காலுறையும் கொண்டு வாருங்கள். டீ என் பொறுப்பு.